பதிலுக்கு ஓர் இடம்

விரிப்பின் அந்தப் பக்கத்து நுனிகளைப் பிடிக்க இன்னொருவர் வேண்டியிருந்தது. மகள் அறை வாசலிலேயே நின்றாள்.

“உள்ள வாடி. நான் சொன்னதும் உன் பக்கம் இழு. வேற ஒண்ணும் வேண்டாம்.”

“கத்துவாராம்மா?”

“கத்த மாட்டாரு. கத்தறதுக்கும் தெம்பு வேணும்ல.”

மகள் வந்தாள். தகப்பனின் முகத்தைப் பார்க்காமல், விரிப்பின் ஓரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு பிடித்தாள். இருவருமாக இழுத்து அவரை ஒருக்களிக்க வைத்தார்கள். முதுகில் சிவந்திருந்த இடத்தில் களிம்பு தடவி, தலையணையை அண்டக் கொடுத்தபோது அவர் கண்ணைத் திறந்தார். எதிரே இருந்த சுவரைப் பார்த்துச் சொன்னார்.

“எழுதாதேன்னு சொல்லு.”

மகள் விரிப்பை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். மனைவி மட்டும் குனிந்து அவர் வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனாள்.

“யாருகிட்டங்க சொல்லணும்?”

“நெட்டையன்கிட்ட. எழுதாதேன்னு சொல்லு. கெட்ட இடத்துலேருந்து படிக்கிறான். படிச்சு, நல்ல இடத்து மேல எழுதறான்.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். “மணி அடிச்சாச்சா? ஜட்ஜ் வந்துடுவாரே. ரெக்கார்டு ரூம் சாவி எங்க?”

முன்பாதியைக் கேட்டபோது அவளுக்குள் ஏதோ நிமிர்ந்தது. பின்பாதியைக் கேட்டதும் அது அப்படியே உட்கார்ந்துவிட்டது. இந்த வீட்டில் ஜட்ஜும் இல்லை, சாவியும் இல்லை.

கோர்ட்டில் அவள்தான் ஸ்டெனோ. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த வேலைதான். சாட்சி என்ன சொன்னாலும், உளறினாலும், சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொன்னாலும் ஒரு சொல் கூடாமல் குறையாமல் எடுக்க வேண்டும். எது உண்மை, எது புளுகு என்று பார்ப்பது அவள் வேலை இல்லை. அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. “ஸ்டெனோ, ஒரு டீ கிடைக்குமா?” என்பார். “ஸ்டெனோ, நான் நேத்து என்ன சொன்னேன், வாசி பாப்போம்” என்று சண்டைக்கு நடுவில் கேட்பார். அதோடு சண்டை முடிந்துவிடும்.

இப்போது பழக்கதோஷத்தில் கைபேசியை எடுத்து, அவர் சொன்னது முழுவதையும் தட்டிவிட்டாள். ஜட்ஜும் சாவியும் உட்பட.

முந்தின நாள் சாயங்காலம் வந்த நர்ஸ், கையைக் கழுவிக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தாள். “இனிமே மூச்சு விட்டு விட்டு வரும். நடுவுல ரொம்ப நேரம் நின்ன மாதிரி இருக்கும், மறுபடி வரும். மாத்தி மாத்திப் பேசுவாரு, அது மருந்து. நீங்க பயப்படாதீங்க.” அதுவரை என்ன என்று தெரியாமல் வயிற்றில் கிடந்த ஒன்றுக்கு அந்தக் கடைசிச் சொல்தான் பேர் வைத்தது.

மூச்சு நிற்பதைவிட, அதற்கு முன்பே அவர் போய்விடுவாரோ என்பதுதான் அவள் பயம். உடம்பு இங்கே கிடக்க, அவர் இல்லாமல் போய், வேறு யாரோ அவர் குரலில் பேசிக்கொண்டிருந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? மகளுக்கு அது ஏற்கெனவே நடந்துவிட்டது. போன வாரம் தண்ணீர் கொடுக்கப் போனவளைப் பார்த்து, “யாரு நீ? யாரு உன்னை உள்ள விட்டது?” என்று கேட்டார். கோபத்தில் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நடுங்கிக்கொண்டே கேட்டார். பெற்ற மகளைப் பார்த்து அவர் பயந்தார். அன்றிலிருந்து மகள் மருந்துக் கடைக்குப் போவாள், சமைப்பாள், துணி துவைப்பாள், ராத்திரியெல்லாம் ஹாலில் விழித்திருப்பாள். அந்த அறைக்குள் மட்டும் தனியாகப் போக மாட்டாள்.

“அம்மா, அப்பா சொன்னதுல ஏதாவது இருக்குமா?” என்று இப்போது வாசலில் நின்று கேட்டாள்.

“தெரியலடி.”

தெரியவில்லை என்பது உண்மைதான். ஆனால் நல்ல இடம், கெட்ட இடம் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும்.

கணினிக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிற கெர்னலில் ஒரு சின்ன மூலை அவருடையது. அழித்து அழித்து எழுதக்கூடிய டிஸ்குகளைத் திறப்பது, படிப்பது, எழுதுவது. உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து, யாரும் யாருக்கும் சம்பளம் கொடுக்காமல் எழுதிவைத்த நிரல் அது. பகலில் காப்பீட்டு அலுவலக வேலை, வீட்டுக்கு வந்தால் இது. “இப்ப யாருங்க அந்த டிஸ்கை வச்சிருக்கா?” என்று அவளே கேலி செய்திருக்கிறாள். “உங்க கோர்ட்டு வச்சிருக்கு” என்பார். அவர்கள் சந்தித்ததே அதனால்தான். சாட்சிகளின் குரலைப் பதிவு செய்த டிஸ்குகள் ரெக்கார்டு ரூமில் அடுக்கடுக்காக இருந்தன. புதிதாக வாங்கிய கணினிகளில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. சரிசெய்து கொடுக்க வந்தவர், சாவி வைத்திருந்த ஸ்டெனோவிடம் தினமும் சாவி கேட்டார். வேலை முடிந்த பிறகும் கேட்டார்.

அந்த டிஸ்குகளில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதினால் அந்த இடம் தேய்ந்துவிடும். தேய்ந்த இடத்துக்குப் பதிலாக ஓரத்தில் வேறொரு இடத்தை ஒதுக்கி, இதற்குப் பதில் அங்கே போய்ப் பார் என்று டிஸ்கே குறித்து வைத்துக்கொள்ளும். சாப்பாட்டு மேஜையில் தட்டையும் டம்ளரையும் நகர்த்தி நகர்த்தி அவர் விளக்கியிருக்கிறார். அவளுக்கும் அது பிடித்திருந்தது. கெட்டுப்போனதைத் தூக்கி எறியாமல், பதிலுக்கு ஓர் இடம் கொடுத்து ஓட்டிக்கொண்டு போவது.

கெட்ட இடத்திலிருந்து படித்து நல்ல இடத்தின் மேல் எழுதினால் என்ன ஆகும்?

நல்லதும் அழிந்துவிடும். கெர்னலில் அவர் பார்த்துவந்த மூலையை, அவர் படுத்த பிறகு நெட்டையன் பார்த்துக்கொண்டிருந்தான். பழைய வகை டிஸ்குகளிலும் எழுதலாம் என்று புதிதாக ஏதோ சேர்த்திருப்பதாகவும், எல்லோருக்கும் போகிற பொதுக் கெர்னலில் சேர்க்க இன்று சாயங்காலம் மேலே அனுப்பிவிடப் போவதாகவும் நேற்று முன்தினம் அவருக்குச் சேதி வந்திருந்தது. அவள்தான் வாசித்துக் காட்டினாள். நிரலையும் திரையில் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தபடியே தூங்கிவிட்டார் என்றுதான் அவள் நினைத்தாள்.

கைபேசியில் தட்டியதைத் திரும்பப் படித்தாள். அப்படியே அனுப்பினால், ஜட்ஜையும் சாவியையும் பார்த்து நெட்டையன் முன்பாதியையும் சேர்த்துத் தள்ளிவிடுவான். வெட்டி அனுப்பினால், தெளிவாக இருக்கிற ஒரு மனிதரை அவளாக உண்டாக்கி அனுப்புவதாகும். இத்தனை வருஷத்தில் ஒரு சாட்சியின் வாக்குமூலத்திலும் அவள் கை வைத்ததில்லை.

மணி, ஜட்ஜ், சாவி மூன்றையும் அழித்தாள். மீதியை அனுப்பினாள்.

நெட்டையன் உடனே கூப்பிட்டான். நெட்டையன் என்பது இந்த வீட்டில் வைத்த பேர். பல வருஷம் குரலாக மட்டுமே தெரிந்தவன். கனத்த குரலை வைத்து ஆறடி ஆள் என்று முடிவுகட்டியிருந்தார்கள். ஒருநாள் வீடியோவில் வந்தபோது நாற்காலிக்கு மேல் தலை மட்டும் தெரிந்தது. பேர் மாறவில்லை.

“அண்ணி, அண்ணன் எப்படி இருக்காரு?”

“இருக்காரு. நான் அனுப்பினதைப் பாத்தீங்களா?”

“பாத்தேன்.” அவன் தயங்கினான். “அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. அவர் சொல்ற இடத்தை நான் எத்தனையோ தடவை பாத்துட்டேன். படிக்கிற வழி வேற, எழுதற வழி வேற. கலக்க வாய்ப்பே இல்ல. மருந்து ரொம்பக் குடுக்கறாங்களோ?”

“குடுக்கறாங்க.”

“வேற ஏதாவது சொன்னாரா? சம்பந்தமில்லாம?”

அவள் கட்டிலைப் பார்த்தாள். அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது.

“இல்ல. அதை மட்டும்தான் சொன்னாரு.”

சொல்லி முடித்ததும் காதுமடல் சுட்டது. கூண்டில் நின்று பொய் சொல்கிறவர்கள் ஏன் காதைத் தொட்டுக்கொள்கிறார்கள் என்று அவள் பல தடவை யோசித்ததுண்டு.

“நிஜமாவே ஒரு தேஞ்ச டிஸ்க்ல போட்டுப் பாத்தாத்தான் தெரியும் அண்ணி. எங்கிட்ட இருக்கறதெல்லாம் புதுசு. அதான் அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டேன்.”

“இங்க இருக்கு.”

“என்ன இருக்கு?”

“தேஞ்ச டிஸ்க்.”

பக்கத்து அறையில் அவருடைய மேஜைக்கு மேல் ஒரு அலமாரித் தட்டு முழுக்க இருந்தன. வேண்டுமென்றே எழுதி எழுதித் தேய்த்து வைத்தவை. “என் நோயாளிங்க” என்பார். உறைகளின் மேல் பேனாவால் ‘லேசான காய்ச்சல்’, ‘படுத்த படுக்கை’, ‘சொந்தக்காரங்களுக்குச் சொல்லிடுங்க’ என்று எழுதியிருந்தார். எழுதின காலத்தில் அது சிரிப்பாக இருந்தது.

“அப்ப நீங்க எனக்குக் கையா இருங்க அண்ணி” என்றான் நெட்டையன். “அவர் மெஷினுக்குள்ள நான் இங்கேருந்தே வந்துடுவேன். புதுக் கெர்னலைப் போட்டுடறேன். டிரைவ் தட்டைத் திறந்து டிஸ்கை வைக்கிறதுக்கு மட்டும் அங்க ஆள் வேணும். கொஞ்ச நேர வேலைதான்.”

அவள் மகளைத் தேடினாள். மகள் அதே வாசலில், நிலையில் தோளைச் சாய்த்து நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

“நான் பக்கத்து ரூம்லதான் இருப்பேன். நீ அப்பா பக்கத்துல உக்காரு.”

“நான் அந்த டிஸ்கைப் போடறேனே. நீ இங்க இரு.”

அதுதான் நியாயம் என்று அவளுக்கே பட்டது. ஆனால் நெட்டையன் பேச்சோடு பேச்சாக ஏதாவது கேட்பான். பதில் சொல்லத் தடுமாறினால், சரி விடுங்கள் என்று முடித்துவிடுவான். ஜட்ஜ், சாவி என்று மகள் உண்மையைச் சொல்லிவிட்டால் அதோடு போயிற்று. இன்னொன்றும் இருந்தது. அந்த மேஜை முன்னால் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்துக்கு அந்த மூச்சைக் கேட்காமல் இருக்கலாம். அதை அவள் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

“உனக்கு அதெல்லாம் பழக்கமில்ல. சும்மா உக்காரு. ஏதாவதுன்னா கூப்பிடு.”

மகள் நாற்காலியைச் சுவரோரமாகப் போட்டு, அதன் நுனியில் உட்கார்ந்தாள்.

பக்கத்து அறையில் அம்மா ‘படுத்த படுக்கை’ உறையிலிருந்த டிஸ்கை எடுத்துத் தட்டில் வைத்தாள். டிரைவ் சுழன்று, திக்கித் திக்கிப் படிக்க ஆரம்பித்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்திருந்தாள். திரையில் எழுத்துகள் அவள் தொடாமலே ஓடின. நெட்டையன் தூரத்திலிருந்து தட்டிக்கொண்டிருந்தான்.

“திறந்தாச்சு. உள்ள ஃபைல் எல்லாம் தெரியுது. ஒண்ணு புதுசா எழுதிப் பாக்கறேன்.” கொஞ்ச நேரம் விசைப்பலகைச் சத்தம். “எழுதியாச்சு. மறுபடி படிக்கிறேன். பாருங்க அண்ணி, எல்லாம் அப்படியே இருக்கு. ஒரு குறையும் இல்ல.”

திரையில் வரிசையாக ஃபைல் பெயர்கள் இருந்தன. ஒழுங்காக, மேலிருந்து கீழ்வரை.

“சரி” என்றாள். டிஸ்க் பிழைத்துவிட்டது, அவர்தான் போய்விட்டார் என்று தோன்றியது.

“அண்ணன்கிட்ட, சரி பண்ணிட்டான்னு சொல்லிடுங்க அண்ணி. நிம்மதியா இருக்கட்டும்.”

அவள் எழுந்து வந்தாள். மகள் நாற்காலியைக் கட்டிலோடு இன்னும் ஒட்டிப் போடவில்லை, ஆனால் சுவரைவிட்டுக் கொஞ்சம் தள்ளி வந்திருந்தாள். அவர் கண் பாதி திறந்திருந்தது.

“என்னங்க. போட்டுப் பாத்தாச்சு. எல்லாம் சரியா இருக்கு. நெட்டையன் சொன்னான்.”

அவர் கண் நகர்ந்து அவள்மேல் வந்து நின்றது. அந்தப் பார்வையை அவளுக்குத் தெரியும். கணக்கு தப்பாக வரும்போது பார்க்கிற பார்வை.

“வெளிய எடுத்தியா?”

“என்னது?”

“டிஸ்கை. வெளிய எடுத்து மறுபடி போட்டியா?” ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வந்துபோனது. “எடுக்காம பாத்தா, மெஷின் தன் ஞாபகத்துல இருக்கறதைத்தான் காட்டும். டிஸ்க்ல இருக்கறதை இல்ல.”

“எடுக்கல.”

“எடுத்துப் பாரு ஸ்டெனோ.” கண் மூடிக்கொண்டது. “அப்படியே விட்டா யாரும் திட்டக்கூட மாட்டாங்க. டிஸ்க் பழசு, போயிடுச்சுன்னு தூக்கிப் போட்டுடுவாங்க.”

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா பதில் சொல்லாமல் பக்கத்து அறைக்கு ஏறக்குறைய ஓடினாள்.

“நெட்டையன், இருக்கீங்களா?” அவசரத்தில் வீட்டுப் பேரையே சொல்லிவிட்டாள். அவன் கவனிக்கவில்லை.

“சொல்லுங்க அண்ணி.”

“வெளிய எடுத்து மறுபடி போடச் சொல்றாரு. ஞாபகத்துல இருக்கறதைத்தான் காட்டுதாம்.”

அவன் தட்டுவதை நிறுத்தினான். பிறகு, “போடுங்க” என்றான்.

தட்டு வெளியே வந்தது. டிஸ்கை எடுத்தாள். அது தட்டின் ஓரத்தில் இடித்தது. மறுபடி வைத்துத் தள்ளினாள். டிரைவ் சுழன்றது, நின்றது, சுழன்றது. இந்தத் தடவை ரொம்ப நேரம் பிடித்தது. திரையில் ஒரு வரி வந்தது. அதன் கீழே ஒன்றும் வரவில்லை. பெயர்கள் இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

“என்ன காட்டுது? எனக்கு ஒண்ணும் தெரியலையே” என்றாள்.

“ஒண்ணும் இல்ல அண்ணி. அதான் தெரியல. காலியா இருக்கு.” அவன் குரலில் இருந்த கனம் காணாமல் போயிருந்தது. “இருங்க. ஒண்ணை வச்சு முடிவு பண்ண முடியாது. டிஸ்க் ஏற்கெனவே பழசு. அதுவாவே போயிருக்கலாம்.”

அவர் சொன்னதையே அவன் சொன்னான். இனி வரப்போகிற ஒவ்வொருவரும் இதையேதான் சொல்வார்கள். ரெக்கார்டு ரூமில் பேசிவிட்டுச் செத்துப்போன சாட்சிகள் எத்தனையோ பேர் இருந்தார்கள். யாரோ ஒரு குமாஸ்தா, கேட்டுப் பார்க்கலாமே என்று டிஸ்கைப் போடுவார். போட்டவுடனே ‘திறந்திருக்கிறது’ என்று கணினி தானாக ஓர் அடையாளம் எழுதும். அது ஒன்று போதும். குரல் போய்விடும். குமாஸ்தா உறையின் மேல் ‘பழுது’ என்று எழுதி ஓரமாக வைப்பார்.

“அப்ப என்ன பண்ணணும்?”

“இன்னொரு டிஸ்க். முதல்ல பழைய கெர்னல்ல போட்டு, எடுத்து, மறுபடி போட்டுப் பாக்கணும். அது நல்லா இருந்தா, அதே டிஸ்கைப் புதுசுல. அப்பத்தான் டிஸ்க் மேல பழி போட முடியாது. மெஷினை ரெண்டு தடவை நிறுத்தி ஆரம்பிக்கணும். நேரம் ஆகும் அண்ணி. அண்ணனைப் பாத்துக்கணும்னா நீங்க போங்க, நான் நாளைக்கு…”

“சாயங்காலம் அனுப்பறதை நிறுத்தறீங்களா?”

“அது வந்து…” என்று அவன் இழுத்தான். காரணமில்லாமல் நிறுத்தினால் அவனும் யாருக்கோ பதில் சொல்ல வேண்டும் என்று அவளுக்குப் புரிந்தது.

“பண்ணலாம்” என்றாள்.

‘லேசான காய்ச்சல்’ என்று எழுதியிருந்ததை எடுத்தாள். கணினி அணைந்து எழுந்தது. போட்டாள், எடுத்தாள், போட்டாள். பெயர்கள் வந்தன. நெட்டையன் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். ஒரு ஃபைல் பாட்டாக இருந்தது போல, ஸ்பீக்கரில் ஏதோ இரண்டு சொட்டு இசை வந்து நின்றது. “நல்லா இருக்கு” என்றான். கணினி மறுபடி அணைந்தது. கறுத்த திரையில் அவள் முகம் தெரிந்தது. வேறு யாருடைய முகமோ போலிருந்தது. அந்த நிசப்தத்தில்தான் பக்கத்து அறையின் மூச்சு கேட்டது. இழுத்தது. நின்றது. அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வந்தது.

கணினி எழுந்தது. டிஸ்க் சுழல ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தில் மற்றது மறைந்துவிட்டது.

“அம்மா.”

மகள் கத்தவில்லை. பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுவது போலத்தான் கூப்பிட்டாள்.

“இதோ வரேன்” என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“எழுதறேன் அண்ணி. எழுதியாச்சு. எடுங்க.”

தட்டு வெளியே வந்தது. எடுத்தாள்.

“போடுங்க.”

போட்டாள். மகள் மறுபடி கூப்பிடவில்லை. கூப்பிடாமல் இருப்பது நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டாள். கால் மட்டும் மேஜைக்கு அடியில் தானாக ஆடிக்கொண்டிருந்தது. டிரைவ் சுழன்றது, நின்றது. மறுபடி சுழன்றது.

திரையில் அதே ஒற்றை வரி. கீழே வெறுமை.

நெட்டையன் பெருமூச்சு விடுவது கேட்டது. “நான் படிக்கிற இடத்துல பதில் இடத்தைப் பாக்கல அண்ணி” என்றான். “எழுதற இடத்துல பாத்திருக்கேன். படிக்கிற இடத்துல விட்டுட்டேன். கெட்ட இடத்துலேருந்து படிச்சு, நல்லதுமேல எழுதியிருக்கு. அவர் சொன்ன அதேதான். அச்சு அசலா அதேதான்.”

“நிறுத்திட்டீங்களா?”

“நிறுத்திட்டேன். இப்பவே எடுத்துடறேன். அண்ணன்கிட்ட…”

மிச்சத்தைக் கேட்காமல் அவள் எழுந்து வந்தாள். “என்னங்க, நீங்க சொன்னது சரி” என்று வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். பாதியில் குரல் நின்றது.

மகள் நாற்காலியில் இல்லை. கட்டிலின்மேல் ஏறி, தகப்பனின் தலையணைக்குப் பக்கத்தில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். அவர் தலை அவள் தொடையில் சாய்ந்திருந்தது. இரண்டு உள்ளங்கையாலும் அவர் கன்னங்களைப் பிடித்திருந்தாள், தாடை விழாமல் பிடிப்பது போல.

“மெதுவா வாம்மா” என்றாள்.

அவள் நின்ற இடத்திலேயே காத்திருந்தாள். நடுவில் ரொம்ப நேரம் நின்ற மாதிரி இருக்கும், மறுபடி வரும் என்றுதானே நர்ஸ் சொன்னாள். காத்திருந்தாள். பக்கத்து அறையில் நெட்டையன், “அண்ணி? லைன்ல இருக்கீங்களா?” என்று கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு அந்தக் குரலும் அடங்கியது. டிரைவ் சுழல்வது நின்றது.

“நான் கூப்பிட்டேன்” என்றாள் மகள்.

“கேட்டுச்சு.”

மகள் தலையாட்டினாள். அதில் குற்றம் சொல்வது இல்லை. இல்லாததைத்தான் அம்மாவால் தாங்க முடியவில்லை. கட்டிலின் மறுபக்கம் வந்து உட்கார்ந்து அவர் கையை எடுத்தாள். கை இன்னும் சூடாக இருந்தது. நகம் வெட்டிவிட வேண்டும் என்று காலையில் நினைத்தது ஞாபகம் வந்தது.

“ஏதாவது கேட்டாராடி?”

“யாருன்னு கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

மகள் அவர் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை விரலால் பின்னால் ஒதுக்கினாள். ஒதுக்கிக்கொண்டே இருந்தாள்.

“பயந்தாரா?” என்று மட்டும் அம்மா கேட்டாள்.

“கடைசியில இல்ல.”

நர்ஸ் வந்தாள், பார்த்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்து எதையோ குறித்துக்கொண்டாள். பிறகு வீட்டுக்குள் ஆட்கள் நிறைந்தார்கள். அவருடைய அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் நின்றார்கள். கோர்ட்டிலிருந்து வந்த சக ஸ்டெனோ ஒருத்தி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளுக்கு அழுகை வரவில்லை. யார் என்ன சொன்னாலும் அது தலைக்குள் சுருக்கெழுத்தாகவே ஓடியது. ‘நல்ல மனுஷன்’ என்பதற்கு ஒரே கோடுதான். பலபேர் அதையே சொன்னதால் அந்தக் கோட்டைத் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருந்தது.

ஆட்கள் கொஞ்சம் குறைந்தபோது கைபேசியைப் பார்த்தாள். நெட்டையன் எழுதியிருந்தான். விஷயம் அவனுக்குத் தெரிந்திருந்தது. ஆறுதலாக நாலு வரி. அதன் கீழே, பிழையைப் பற்றிய குறிப்பில் கண்டுபிடித்தவர் என்று அண்ணன் பேரைப் போட்டிருப்பதாகவும், சோதித்தவர் என்று ஒருவர் பேர் போடுவது வழக்கம் என்றும், அவள் பேரைப் போடலாமா என்றும் கேட்டிருந்தான். ‘அப்புறம் சொன்னால் போதும், அவசரமில்லை.’

அவள் ‘போடுங்க’ என்று தட்டினாள். பிறகு யோசித்து, இன்னும் ஒரு வரி சேர்த்தாள். ‘அவர் வேறயும் சொன்னார். மணி அடிச்சாச்சா, ஜட்ஜ் வந்துடுவாரே, ரெக்கார்டு ரூம் சாவி எங்கன்னும் கேட்டார். நான் உங்ககிட்ட மறைச்சுட்டேன்.’

அனுப்பிவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். பதில் வந்த அதிர்வு கேட்டது. எடுத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் எல்லாம் முடிந்து, வந்தவர்களும் போன பிறகு, ஆஸ்பத்திரிக் கட்டிலை வாடகைக்குக் கொடுத்த கடையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பெரியவர் ஒருவர், நடுவயதில் ஒருவர். வாசலிலேயே நின்று, “இன்னொரு நாள் வேணாலும் வரோம்மா” என்றார் பெரியவர்.

“பரவால்ல, எடுத்துக்குங்க” என்றாள்.

மெத்தையைச் சுருட்டி எடுத்துவிட்டார்கள். தலைப்பக்கம் அவர் கடைசியாகச் சாய்ந்திருந்த உயரத்திலேயே நின்றது. மூச்சு வாங்குகிறது என்று உயர்த்தி வைத்தது.

“இப்படியே தூக்கினா நிலையில இடிக்கும். இறக்கிட்டுத்தான் எடுக்கணும்” என்று சொல்லிவிட்டு, நடுவயதுக்காரர் ஒயரின் நுனியில் தொங்கிய பொத்தானைத் தேடிப் பிடித்து அழுத்தினார்.

மோட்டார் முனக ஆரம்பித்தது. தலைப்பக்கம் மெல்ல, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இறங்கியது. அதை அவசரப்படுத்த வழியில்லை. மகள் சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள். பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். நாலு பேரும் அது இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சமமானதும் சத்தம் தானாக நின்றது. யாரும் உடனே அதைத் தொடவில்லை.